தடத்துக்கு எத்தனை வயது?

மசினகுடிப் பக்கம் ஒரு மண்பாதை. காலை ஆறரை மணி. முன்னால் நடந்துகொண்டிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சட்டென்று நின்று, எங்களையும் கையமர்த்தினார். தரையில் முறம்போல அகலமாக ஒரு வட்டத் தடம். "யானைதானே?" என்றேன், எனக்கும் தெரியும் என்ற மிதப்பில். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தடத்துக்குள் புனல் மாதிரி இரண்டு சின்னக் குழிகள். குழியானைப் பூச்சி தோண்டியவை.

"இது நேத்தே போயிருச்சுங்க சார். வாங்க" என்று எழுந்து நடந்தார்.

யானை மிதித்த இடத்தில் குழியானை குடியேற நேரம் வேண்டுமல்லவா?

என்ன விலங்கு என்பதைப் படம் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். புலியும் சிறுத்தையும் நகத்தை உள்ளிழுத்து நடப்பவை, நகக்குறி விழாது, செந்நாய்க்கு விழும். கரடியின் பின்னங்கால் தடம் மனிதப் பாதம்போல் இருந்து திகைக்க வைக்கும், முன்னால் நகக்கீறல் பார்த்தால் தெளியும். யானையின் முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் நீள்வட்டம். முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து இரட்டித்தால், ஏறக்குறைய அதன் தோள் உயரம். சுற்றளவு நாலரை அடியென்றால் வந்துபோனவர் ஒன்பது அடி!

ஆனால் 'இதே புலிதான்' என்று தடத்தை வைத்து ஆள் அடையாளம் சொல்லப் போனால் மண் ஏமாற்றிவிடும். ஒரே கால் சேற்றில் ஒரு மாதிரி விழும், புழுதியில் வேறு மாதிரி. 1966-இல் ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறைப்படி, கண்ணாடியில் காலடியை வரைந்து வரைந்துதான் நாடெங்கும் புலிகளை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்கில் புலிகள் இருந்தன. 2005-இல் தேடினால் ஒன்றுகூட இல்லை. 2006 முதல் தானியங்கிக் கேமராக்கள் வரிகளைப் படமெடுத்து எண்ணுகின்றன.

மண் ஓரளவு உண்மை பேசுவது நேரத்தைப் பற்றித்தான். தடத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறதா, உதிர்ந்து மழுங்கிவிட்டதா? சுற்றியுள்ள புல்லில் பனி இருக்க, மிதித்த புல்லில் மட்டும் இல்லையென்றால், பனி இறங்கிய பிறகு யாரோ போயிருக்கிறார்கள். தடத்துக்குள் மழைப்புள்ளி விழுந்திருந்தால் மழைக்கு முந்தியது. காலையிலும் மாலையிலும் சூரியனுக்கு எதிர்முகமாக நின்று பாருங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து தடம் எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் பார்ப்பது வீண்.

மூக்கும் வேண்டும். நடுக்காட்டில் சோறு வேகும் வாசனை வந்தால் பசியாறப் போய்விடாதீர்கள். பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள், புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் நீரிலும் இருக்கிறது.

அன்று ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பாதையோரம் யானை லத்தி. மேல்புறம் காய்ந்து வெளுத்திருந்தது. பழசு என்று நானே முடிவுகட்டித் தாண்டப் பார்த்தேன். கோடை வெயிலில் மேல்தோல் சீக்கிரமே காய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அவர் ஓர் உருண்டையைப் பிளந்து, உள்ளே புறங்கையை வைத்தார். ஈரம் மின்னியது. பக்கத்தில் ஒடிந்து தொங்கிய மூங்கில் கிளையில் இலைகள் இன்னும் சுருளவில்லை.

கையை மண்ணில் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "வந்த வழியே போயிடலாங்க சார். பேசாம வாங்க."