கேட்கப்படாத சாட்சிகள்



மதத்தின் பெயரால் நடத்தப்படும் குடியிருப்புகளில் குழந்தைப் பருவத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், பெரியவர்களான பின்பு நீதி கேட்டு வருகையில், “இத்தனை ஆண்டுகள் ஏன் பேசவில்லை?” என்று வினவப்படுகிறது. நம் நாட்டு ஆசிரமங்கள் குறித்தும் இதே கேள்விதான். சிலி நாட்டின் கொலோனியா டிக்னிடாட் வரலாறு இதற்கு விடையளிக்கிறது.

ஜெர்மனியில் சிறுவர்களிடம் அத்துமீறிய புகாரில் சிக்கிய பால் ஷேஃபர் என்னும் மதபோதகர், தம்மைப் பின்பற்றியோருடன் 1961-இல் சிலியின் பாரால் நகருக்கு அருகே குடியேறினார். பெயரிலுள்ள ‘டிக்னிடாட்’ என்னும் சொல்லுக்குக் கண்ணியம் என்று பொருள்! அங்கே பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். வயலிலும் பட்டறையிலும் கூலியற்ற உழைப்பு. பணிய மறுத்தவர்களுக்கு மயக்க மருந்தும் மின்னதிர்ச்சியும். சிறுவர்களை ஷேஃபர் பல பத்தாண்டுகள் சீரழித்தார்.

பேசாமலா இருந்தார்கள்? 1966-இல் தப்பி வந்த ஓர் இளைஞர் நடந்தவற்றை உலகறியச் சொன்னார். குடியிருப்பின் வேலி அசையவில்லை. 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் பினோசேயின் ரகசியக் காவல்துறை இடதுசாரிக் கைதிகளை அங்கேதான் வதைத்தது, பலர் திரும்பவேயில்லை. சர்வாதிகாரிக்குப் பயன்படும் இடத்தில் குழந்தையின் புகாரை யார் விசாரிப்பார்? வதைமுகாம் என அம்பலப்படுத்திய ஆம்னெஸ்டி அமைப்பின் மீது 1977-இல் ஜெர்மனியில் தொடுக்கப்பட்ட வழக்கு 20 ஆண்டுகள் இழுத்தடித்தது. ஜெர்மன் தூதரகத்தினர் பல்லாண்டுகள் கண்டும் காணாதிருந்ததை வெளியுறவு அமைச்சர் ஸ்டைன்மையரே 2016-இல் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சுவரில் விரிசல் விழச் செய்தது 12 வயதுச் சிலிச் சிறுவன் ஒருவன் 1996-இல் தன் தாய்க்கு மறைவாக அனுப்பிய சிறு கடிதம். இலவச மருத்துவம், கல்வி என்று கூறி ஏழை விவசாயிகளின் பிள்ளைகளையும் குடியிருப்பு உள்ளே இழுத்திருந்தது. அந்தத் தாய் மகனை மீட்டுப் புகார் கொடுத்தார். தலைமறைவான ஷேஃபர் 2005-இல் அர்ஜென்டினாவில் பிடிபட்டார். 20 ஆண்டுத் தண்டனை பெற்று 2010-இல் சிறையில் இறந்தார்.

எனினும், சிலியில் தண்டிக்கப்பட்ட குடியிருப்பு மருத்துவர் ஜெர்மனிக்குத் தப்பியோடினார். அத்தண்டனையை நிறைவேற்ற 2018-இல் ஜெர்மன் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஊதியமின்றி உழைத்தவர்களுக்கு 2019-இல் ஜெர்மனி அறிவித்தது, ஆளுக்கு அதிகபட்சம் 10,000 யூரோ உதவி மட்டுமே.

வதை நடந்த மண்ணில் இன்று உணவகமும் தங்கும் விடுதியும் உள்ளன. அந்நிலத்தைக் கையகப்படுத்தி நினைவிடம் அமைக்கப்போவதாக அதிபர் போரிச் 2024-இல் அறிவித்தார். காணாமற்போனோரின் குடும்பத்தினர் நெடுங்காலமாகக் கோரிவந்தது அது. ஆனால், அங்கேயே வாழும் முன்னாள் குழந்தைகள் சிலர், முதுமையில் எங்கே போவது என்று கேட்கின்றனர். அவர்களுக்குச் சேர வேண்டிய கூலிக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.