பொறியைத் தனித்தெடுப்பதா, பெட்டியோடு எடுப்பதா?

(பட்டறைத் தொழில் பயிலும் இளைஞரிடையே நிகழ்த்திய பொழிவு)



தமிழாசிரியனுக்குப் பட்டறையில் என்ன வேலை என நீங்கள் எண்ணலாம். வேலை உண்டு. என் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் மகிழுந்தின் பொறியை ஒருமுறை வெளியே எடுக்க நேர்ந்தது. எடுத்தவர் ஊரும் பேரும் இங்கு வேண்டா. பொறியை மட்டும் கழற்றி முன்னிழுத்தவர், பின்னிருந்த பல்லிணைப்பெட்டிக்கு முட்டுக் கொடுக்க மறந்தார். பெட்டியின் சுமை பெருவிரல் பருமனுள்ள ஒரு தண்டின்மேல் இறங்கிற்று. பொறி விடுபட்டதும் பெட்டியின் முன்தலை கீழே சரிந்தது. அடியிற் படுத்திருந்த இளைஞன் தன் கையை ஒரு நொடி முன்னர் இழுத்துக்கொண்டான். இல்லையேல் அக்கை இல்லை. வண்டி திரும்பிய மூன்றாம் நாளே பல்லிணை விழாமல் முரண்டிற்று. மீண்டும் கழற்றிப் பார்த்தால், உரசிணைப்பித் தகடு கோணியிருந்தது. கூலியும் இருமுறை போயிற்று. அன்று தொட்டு இதனைக் கற்கலானேன்.

நீங்கள் கியர்ப்பெட்டி என்பதை யான் பல்லிணைப்பெட்டி என்றும், கிளட்சு என்பதை உரசிணைப்பி என்றும் கூறுவேன். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

நன்னூலார் மொழியை மூன்றாகப் பகுப்பர். பிரியாது நிற்பது தனிமொழி. பிரிந்து நிற்பது தொடர்மொழி. இரண்டிற்கும் இடந்தருவது பொதுமொழி. தாமரை என்பது மலராயின் ஒரு சொல். தாவும் மரை எனின் இரு சொல். ஊர்திகளும் இம்மூவகையினவே.

1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி மகிழுந்து தனிமொழி போன்றது. அதனை வகுத்த அலெக்கு இசிகோனிசு, இடத்தை மிச்சப்படுத்தப் பல்லிணைகளைப் பொறியின் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். ஓர் எண்ணெயே இரண்டையும் நனைக்கும். ஆகலின் இரண்டையும் ஒருங்கே எடுத்தல் வேண்டும், வேறு வழியில்லை.

செருமானியரின் வோக்சுவாகன் பீட்டில் தொடர்மொழி போன்றது. அதன் பொறி பின்புறத்தது. நான்கு மரையாணிகளால் பெட்டியோடு பிணைக்கப்பட்டது. வண்டியின் பின்புறத்தை உயர்த்தி, பொறியை நேரே பின்னிழுத்துக் கீழே இறக்குவர். பெட்டி வண்டியிலேயே நிற்கும்.

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை ஆக்கப்பெற்ற நம் அம்பாசிடர் பொதுமொழி. பொறி முன்னும் பெட்டி அதன் பின்னுமாக நெடுக்கே நிற்றலின், பிரித்தும் எடுக்கலாம், சேர்த்தும் எடுக்கலாம். எப்போது எது என்பதே வினா.

பொறியில் மட்டும் பழுதிருந்து, கப்பி தொங்கும் உயரமும் குறைவாயின், பிரித்தெடுத்தல் நன்று. பெட்டியிலும் பழுதிருப்பின், அல்லது பிணைப்பின் மேல் ஆணிகளுக்குத் திருகி எட்டாதாயின், சேர்த்தெடுத்தல் நன்று. சேர்ந்த உருப்படி நீளமும் எடையும் மிகும். முன்தலையை உயர்த்திச் சாய்த்தே வெளிக்கொணர வேண்டுதலின் உயரமும் மிகுதியாக வேண்டும். பின்செல்லும் செலுத்து தண்டு, பல்லிணை மாற்றுக் கோல்கள், விரைவுகாட்டிக் கம்பி, பெட்டியின் பின்தாங்கி ஆகியவற்றையும் கழற்றல் வேண்டும். பெட்டி எண்ணெயை முன்னரே வடித்துவிடுக. இல்லையேல் சாய்க்கும்போது வாற்புறத்தே ஒழுகும்.

இரு முறைக்கும் பொதுவானவை சில. சமதளத்தில் நிறுத்திச் சில்லுகளுக்கு அடை கொடுக்க. மின்கலத்தின் நிலத்தொடுப்பை முதலில் நீக்குக. நீர் ஆறிய பின்னரே வடிக்க. எரிநெய்க் குழாயின் வாயை அடைக்க. கழற்றிய கம்பிகளுக்கு அடையாளம் கட்டுக.

பிரிக்குங்கால் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று. பெட்டியின் முன்தண்டு, உரசிணைப்பித் தகட்டின் நடுத்துளை வழியே சென்று, பொறியின் வணரித்தண்டு முனையிலுள்ள சிறு புதையில் அமர்ந்துள்ளது. அது விசையைச் சுழற்றிச் செலுத்த அமைந்தது. சுமை தாங்க அமைந்ததன்று. எனவே பிணைப்பாணிகளை நெகிழ்த்தும் முன்னரே பெட்டியின் அடியில் முட்டுக் கொடுக்க. தண்டு முழுதும் வெளிப்படும் வரை பொறியைக் கோணாது நேரே முன்னிழுக்க. மீண்டும் பொருத்துங்கால் போலித்தண்டு ஒன்றால் தகட்டை நடுப்படுத்துக. தண்டு நுழையவில்லையாயின் ஆணிகளை முறுக்கி இழுத்துச் சேர்க்காதீர். பிழை எங்கென்று பாருங்கள். சேர்த்தெடுப்பாருக்கோ இவ்விணைப்பு வேலை தரையிலேயே, கண்ணெதிரே முடிந்துவிடும். அதுவே அம்முறையின் பெரும்பயன்.

இளவல்களே! தொங்கும் சுமையின் கீழ்த் தலையோ கையோ ஒருபோதும் இருத்தலாகாது. 'விரைவில் முடி' என்று உரிமையாளர் நெருக்குவார். அன்று நெருக்கியவன் யானே. முட்டுக்கட்டை தேடக் கால் நாழிகை போதும். அதனை யான் பொறுத்திருந்தால் ஓர் இளைஞன் கை இடருற்றிராது. இனி எவரேனும் உங்களை நெருக்கினால், முட்டு வைத்த பின்னரே ஆணி கழற்றுவோம் என்று துணிந்து கூறுங்கள்.

வாழ்க நும் கைத்திறன்!