கிங்ஸ்டனில் வேலை தேடுபவருக்கு

ஒலிப் பொறியியலில் இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

பட்டமளிப்பு விழாவில் கனவு காணச் சொல்வது வழக்கம். நான் வேலை தேடுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் ஜமைக்காவில், நான் பிழைக்கும் ஊர் அதுதான். உங்களில் சிலர் கணவரின் அல்லது மனைவியின் உத்தியோகத்தை ஒட்டி அங்கே வர நேரலாம். சிலர் பாப் மார்லியைக் கேட்டுவிட்டே கிளம்பலாம். யாராக இருந்தாலும் ஸ்டூடியோ வாசலில் போய் நிற்காதீர்கள். பழுதுபார்க்கும் பட்டறை வழியாக உள்ளே போங்கள்.

ஜமைக்காவின் மக்கள்தொகை ஏறக்குறைய 28 லட்சம். அதன் ரெகே இசையை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இவ்வளவு பெயர் பெற்ற நாட்டில் ஸ்டூடியோ வேலை கொட்டிக் கிடக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. பல பாடல்கள் படுக்கையறையில், மடிக்கணினியில் பதிவாகின்றன. பெரிய ஸ்டூடியோக்கள் சில இருக்கின்றன. அங்குள்ள நாற்காலிகள் லேசில் காலியாவதில்லை. கரீபியனில் பெரிய ஸ்டூடியோவை நம்பி வாழ்வதும் எளிதல்ல. இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-ல் மான்செராட் தீவில் ஏர் ஸ்டூடியோவைத் திறந்தார். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், போலீஸ் போன்ற குழுக்கள் வந்து பதிவு செய்த இடம். 1989-ல் ஹியூகோ புயல் அடித்தது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

ஆனால் ஒலிப் பொறியாளரைக் கலைஞராகவே கொண்டாடிய நாடு ஒன்று உண்டென்றால் அது ஜமைக்காதான். அங்கே அந்தப் பெயரை வாங்கியவர்கள் சால்டரிங் அயர்ன் பிடித்தவர்கள். ஹெட்லி ஜோன்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ராடார் வேலை கற்றவர். ஊர் திரும்பி, 1940-களிலேயே நடன விழாக்களுக்குத் தன் கையால் ஆம்ப்ளிஃபையர் கட்டினார். அங்கே ‘சவுண்ட் சிஸ்டம்’ என்றால் நம்மூர் ரேடியோ செட்காரர் மாதிரி ஓர் அமைப்பு. ஆனால் அங்கே அதை நடத்துபவர்தான் பாட்டைத் தீர்மானிப்பவர், பாட்டைத் தயாரிப்பவரும்கூட.

கிங் டபி என்று உலகம் அறிந்த ஆஸ்பர்ன் ரடக், ரேடியோ பழுதுபார்ப்பவர். தலைநகர் கிங்ஸ்டனின் ட்ரொமிலி அவென்யூவில் தன் வீட்டுச் சிற்றறையில், வேறொரு ஸ்டூடியோ கழித்துவிட்ட நான்கு டிராக் மிக்சரை வைத்துக்கொண்டு, பாடகரின் குரலை எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னால் தள்ளி, எதிரொலியை அலையவிட்டு ‘டப்’ என்ற கலைக்கு உருக்கொடுத்தார். அந்த மிக்சரில் இருந்த ஃபில்டர் குமிழைத் திருகுவதே அவருக்கு ஒரு வாத்தியம் வாசிப்பதாக இருந்தது. அவரிடம் வந்த ஹோப்டன் பிரவுன் என்ற இளைஞர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கட்டும் வேலையில் தொடங்கி, பின்னாளில் ‘சயன்டிஸ்ட்’ என்ற பெயரில் டப் மேதையானார். மிக்சர் முன் உட்கார யாரும் அவருக்கு முதலிலேயே நாற்காலி போடவில்லை.

இது பழங்கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜமைக்காவின் மின்சாரம் 110 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வரும் கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. நம்முடையவை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜமைக்கா இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் மடிக்கணினியின் சார்ஜர் எதையும் தாங்கும். பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் வழக்கத்தைவிடச் சூடாகும். 60 ஹெர்ட்ஸ் சிங்க்ரனஸ் மோட்டார் கொண்ட பழைய டேப் மெஷினில் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும்; ஐந்து கட்டைப் பாட்டு மூன்று கட்டைக்கும் கீழே போய்விடும். போதாக்குறைக்குக் கடல் காற்று. கனெக்டர்கள் எல்லாம் பச்சை பிடிக்கும். இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு ஆள் வரும்.

வேலை கொடுப்பவர்கள் யார் யார் என்றால், தேவாலயங்கள், மான்டிகோ பே, நெக்ரில் பக்கத்துக் கடற்கரை விடுதிகள், மேடைக் கச்சேரிகள். யாராவது இறந்தால் ஒன்பதாம் இரவுச் சடங்குக்கும் ஸ்பீக்கர் அடுக்குவார்கள். ஒலி மாசுக்கு எதிராக 1997-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. நேரம் தாண்டினால் போலீஸ் வந்து நிறுத்திவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். திறந்தவெளி வேலையை மட்டும் நம்பினால் அந்த மாதங்களில் கை கடிக்கும்.

காதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் காது திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் பழகியது. குரல் கணீரென்று கேட்டால் போதும் நமக்கு. அங்கே பேஸ் நெஞ்சில் இடிக்காவிட்டால் நடனமே இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். பத்தடி அறையில் உட்கார்ந்து அதைச் சரியாகக் கணிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை இரவு, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் அடுக்கின் எதிரே நின்று கேளுங்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை.

வேலை அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தருவது அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம். விண்ணப்பிக்க வேண்டியவர் வேலை தரும் முதலாளி. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அவர் காட்ட வேண்டும். கரிக்கொம் என்ற கரீபியக் கூட்டமைப்பு நாடுகளின் பட்டதாரிகளுக்கும் கலைஞர்களுக்கும் திறன் சான்றிதழ் என்ற சலுகை உண்டு. நமக்குக் கிடையாது. ‘மிக்சிங் தெரிந்தவர் இங்கே இல்லை’ என்று ஜமைக்காவில் எந்த முதலாளி எழுதினாலும் சிரிப்பார்கள். ‘அனலாக் மிக்சரைப் பழுதுபார்த்து, டிஜிட்டல் மேடையின் நெட்வொர்க்கையும் அமைப்பவர் தேவை’ என்று எழுதினால் படித்துப் பார்ப்பார்கள்.

ஆகவே முதலாளிக்கு வேலை விண்ணப்பம் அனுப்பும்போது நீங்கள் மிக்ஸ் செய்த பாட்டை மட்டும் இணைக்காதீர்கள். பழுதுபார்த்த ஒரு கருவியின் படத்தையும், என்ன கெட்டிருந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற அரைப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அனுமதி கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். சுற்றுலாப் பயணியாகப் போய் வேலை செய்யவே வேண்டாம்.