தட்டில் வந்த மீனும் அதிபரின் ஆணையும்

மீன் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். தோட்டத்திற்கு மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரர்கூட இந்தச் சோதனைக்குப் பயப்படுவார்.

ஆனால் இந்தச் சோதனை, மீன் அழுகிவிட்டதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். அழுகல், மீன் செத்த பிறகு வருவது. நான் இன்று பேச வந்திருக்கும் நஞ்சோ, மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்போதே அதன் உடம்பில் சேர்ந்துவிடுவது. அதற்கு நாற்றம் இல்லை, நிறம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது. துள்ளத் துடிக்கப் பிடித்த மீனிலும் அது இருக்கலாம்.

அப்படியானால் நமக்கு யார் சொல்வது? சோதனைக்கூடமும் அதிகாரமும் வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னால் என்ன நடக்கிறது, சொல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்பதற்கு வெளிநாடுகளில் நடந்த சில சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலில் ஜப்பான். அந்நாட்டின் தெற்கே கியூஷூ தீவில் மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே சிசோ என்னும் இரசாயன நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலுக்கு அனுப்பி வந்தது. அது சிப்பியிலும் மீனிலும் சேர்ந்தது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று செத்தன. பிறகு செம்படவர் வீடுகளில் கை கால் நடுக்கம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல். 1956ஆம் ஆண்டு மே மாதம் இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. கொடுமை என்னவென்றால், தாய்க்கு வெளியே பெரிய குறை எதுவும் தெரியாதபோதே வயிற்றிலிருந்த பிள்ளை முடங்கிப் பிறந்தது. நஞ்சு தாயைத் தாண்டிப் பிள்ளையின் மூளைக்குப் போயிருந்தது.

1957ஆம் ஆண்டு அந்தப் பகுதி அதிகாரிகள், உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு அந்த விரிகுடா மீனைத் தடை செய்யலாமா என்று தலைநகரில் இருந்த சுகாதார அமைச்சைக் கேட்டார்கள். அங்கே உள்ள எல்லா மீனும் நஞ்சானவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று பதில் வந்தது. ‘எல்லா மீனும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சட்டியில் இருக்கும் சோறு முழுவதையும் பருக்கை பருக்கையாகச் சோதித்த பிறகுதான் ‘தின்னாதே’ என்று பிள்ளையிடம் சொல்வோமா? ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பானிய அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல். தடுத்திருக்க வேண்டிய நேரத்தில் தடுக்காமல் விட்டதற்கு அரசும் பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2004இல்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஹோப்வெல் என்ற ஊரில் கெப்போன் என்னும் பூச்சிமருந்து செய்தார்கள். அந்தத் தொழிற்கூடத்து வேலையாட்களுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஒரு மருத்துவர் ஒரு தொழிலாளியின் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் விஷயம் வெளிப்பட்டது. 1975 ஜூலையில் தொழிற்கூடம் மூடப்பட்டது. ஆற்றைச் சோதித்தால் மீனிலும் அதே மருந்து! அவ்வாண்டு டிசம்பரில் மாநில ஆளுநர் மில்ஸ் காட்வின், சுமார் நூறு மைல் நீளத்திற்கு ஆற்றை மீன்பிடிக்கு மூடினார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். கட்டுப்பாடுகள் சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1988 வரை நீடித்தன.

அந்த உத்தரவால் எத்தனையோ மீனவர் குடும்பங்களின் பிழைப்புப் போயிற்று. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. மினமாட்டாவில் உத்தரவு வராததால் உடம்பு போயிற்று. ஜேம்ஸ் ஆற்றில் உத்தரவு வந்ததால் தொழில் போயிற்று. இரண்டிலும் நஷ்டம் மீன்பிடிப்பவனுக்குத்தான். ஆனாலும் போன தொழிலுக்கு இழப்பீடு கேட்கலாம். வயிற்றிலேயே முடங்கிய பிள்ளைக்கு என்ன கேட்பது?

கெப்போன் கதை அங்கே முடியவில்லை. அது குளோர்டெக்கோன் என்ற பெயரில் மார்ட்டினிக், குவாடலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை போடப்பட்டது. வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்கு அது மருந்து. நமக்கு அந்தத் தீவுகள் அந்நியமல்ல. அடிமை முறை 1848இல் ஒழிந்த பிறகு, பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். மருந்து மண்ணில் தங்கி, மழையில் கரைந்து, ஆற்று மீனுக்கும் கரையோர நண்டுக்கும் போயிற்று. அத்தீவுகளின் ஆறுகளிலும் கடற்கரையின் சில பகுதிகளிலும் மீன்பிடிக்கத் தடை போட வேண்டியதாயிற்று. அங்கே பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் இந்த மருந்து காணப்படுகிறது. தோட்டத்தில் அடிக்கும் மருந்து தோட்டத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சரி, இப்போது இன்னொரு கேள்வி. ஆற்றை மூடும் அளவுக்கு நஞ்சு இல்லை, கொஞ்சம் இருக்கிறது. அப்போது எவ்வளவு மீன் சாப்பிடலாம்? இதற்கு அதிகாரிகள் ஒரு கணக்குப் போடுவார்கள். ஒரு மனிதன் நாளொன்றுக்கு இவ்வளவு மீன் தின்கிறான், ஆகவே தண்ணீரில் நஞ்சு இந்த அளவுக்குமேல் போகக்கூடாது என்பது அந்தக் கணக்கு.

அமெரிக்காவில் நெடுங்காலம் வைத்திருந்த கணக்கு, ஓர் ஆளுக்கு நாளுக்கு 6.5 கிராம். ஒரு மாதத்திற்கு இருநூறு கிராம்கூட இல்லை! நம் வீட்டுப் பிள்ளை ஒரே வேளையில் அதைத் தின்றுவிடும். கடையில் எப்போதாவது மீன் வாங்குகிறவர்களையும், மீனையே தொடாதவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும். அந்நாட்டின் மேற்கே கொலம்பியா ஆற்றை நம்பி வாழும் செவ்விந்தியப் பழங்குடிகள் நான்கு பிரிவினரிடம் போய்க் கேட்டு 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களுடைய பெரியவர்கள் சராசரியாக நாளுக்கு 58.7 கிராம் மீன் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. கணக்கில் இருந்ததைப்போல ஒன்பது மடங்கு. அப்படியென்றால் ‘ஆபத்தில்லாத தண்ணீர்’ என்று எழுதி வைத்தது யாருக்கு ஆபத்தில்லாதது?

அதே 1994ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி அதிபர் கிளிண்டன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். எண் 12898. ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழும் இடங்களில் தூய்மைக்கேட்டின் சுமை அதிகமாக விழுகிறதா என்று ஒவ்வொரு மத்திய இலாகாவும் பார்க்க வேண்டும் என்றது அது. அதில் ஒரு பகுதி மீனைப் பற்றியே பேசிற்று. தாமே பிடித்த மீனையும் வேட்டையையும் நம்பி வயிறு வளர்ப்பவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்ட வேண்டும். அதில் உள்ள ஆபத்தை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு பெரிய நாட்டின் தலைவர் ஏழையின் மீன் சட்டியைப் பற்றி உத்தரவு போட்டது சாதாரண விஷயமல்ல.

இந்த ‘அதிபர் ஆணை’ என்றால் என்ன? பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணத்தையே இங்கும் சொல்கிறேன். தோட்டத்தில் இரண்டு வகைக் கட்டளை உண்டு. தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தம் ஒன்று. மானேஜர் ஆபீஸ் பலகையில் ஒட்டும் நோட்டீஸ் மற்றொன்று. நோட்டீசுக்கும் எல்லாரும் கட்டுப்பட வேண்டும்தான். ஆனால் அது ஒப்பந்தத்தை மீறக்கூடாது. புதிய மானேஜர் வந்தால் பழைய நோட்டீசைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டலாம். அமெரிக்காவில் நாடாளுமன்றம் செய்யும் சட்டம் ஒப்பந்தத்தைப் போன்றது. அதிபர் தமக்குக் கீழுள்ள இலாகாக்களுக்கு இடும் ஆணை நோட்டீசைப் போன்றது.

நோட்டீஸ்தானே என்று அலட்சியம் செய்யவும் முடியாது. 1942இல் அதிபர் ரூஸ்வெல்ட் இட்ட ஓர் ஆணையால் ஜப்பானிய வம்சத்தினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைபட்டார்கள். 1948இல் அதிபர் ட்ரூமன் இட்ட ஆணையால் இராணுவத்தில் கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவினை நீங்கியது. அதே ட்ரூமன் 1952இல் எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ள ஆணையிட்டபோது, அதற்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. நல்லதும் கெட்டதும் ஒரே பேனாவில்தான் வருகின்றன.

கிளிண்டனின் ஆணையிலேயே ஒரு வரி உண்டு: இதை வைத்து யாரும் நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. ஆகவே இலாகாக்காரர்கள் மனம் வைத்த அளவுக்கே அது நடந்தது. முப்பதாண்டுகளுக்குமேல் இருந்து, 2025 ஜனவரி 21ஆம் தேதி அதிபர் டிரம்ப் இட்ட வேறோர் ஆணையால் அது இரத்தாயிற்று. கையெழுத்தில் வந்தது கையெழுத்தில் போயிற்று.

ஆனால் இடையில் நடந்த ஒரு காரியம் பாருங்கள். கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகள் ஆணையை மட்டும் நம்பி உட்காரவில்லை. தங்கள் கணக்கைத் தாங்களே எடுத்து, மாநில அரசாங்கத்தோடு வருடக்கணக்கில் பேசினார்கள். 2011இல் ஆரிகன் மாநிலம் நாளுக்கு 175 கிராம் என்று வைத்துத் தண்ணீர் விதிகளை மாற்றியது. அது தூய நீர்ச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட விதி. அதிபரின் நோட்டீஸ் பலகையில் தொங்குவதல்ல.

நம் நாட்டில் இப்படிப்பட்ட அதிபர் ஆணை கிடையாது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன்கீழ் 1985இல் வந்த விதிமுறைகளும் மீனில் பாதரசத்திற்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த வரம்பு சந்தைக்கு வரும் மீனைப் பிடிக்கும். தோட்டத்து ஓடையில் நீங்கள் தூண்டிலில் பிடித்த விராலை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? அங்கே நாமேதான் அதிகாரி. மருந்தடித்த தோம்பை ஓடையில் கழுவக்கூடாது. மருந்தடிப்பு நடந்து மழை பெய்த நாட்களில் அந்த ஓடையில் மீன் பிடிக்க வேண்டாம். செத்து மிதக்கும் மீனை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், கூடையில் போடாதீர்கள். மண்டோரிடமோ சுகாதார இலாகாவிடமோ சொல்லுங்கள்.

கடைசியாகப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பாதரசம் சின்ன மீனில் குறைவு. அதைத் தின்னும் பெரிய மீனில், நெடுநாள் வாழும் மீனில் அதிகம். அது சதையோடு சதையாக இருப்பதால் தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் போகாது. அமெரிக்க அரசின் அறிவுரைப் பட்டியலில் இவர்கள் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவும் வாள்மீனும் இருக்கின்றன. நம் வழக்கமோ, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு! பாட்டிமார் என்மீது கோபப்படக்கூடாது. பால்சுறா சின்னதுதானே என்பார்கள். அந்தப் பட்டியல் சுறாவில் சின்னது பெரியது பிரிக்கவில்லை.

அதற்காக மீனையே நிறுத்திவிடாதீர்கள். அது பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு உதவும் நல்ல உணவு. பாதரசம் குறைந்த மீனில் வாரத்திற்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம் என்று அதே அறிவுரை சொல்கிறது. நெத்திலியும் மத்தியும் அந்த வகை. விலையும் சுறாவைவிடக் குறைவு. அந்த நாட்களில் புட்டை நெத்திலியில் செய்து பாருங்கள். காய்ந்த நெத்திலியானால் உப்புப் போக இரண்டு தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும்; பூண்டு மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.