நியாயத்துக்கு ஒரே தராசு

(ராமேஸ்வரத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



யுத்தம் என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1983 முதல் வள்ளம் வள்ளமாக ஜனங்கள் தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது.

அந்த யுத்தத்தில் எது நியாயம், எது அநியாயம் என்று எதைக் கொண்டு தீர்ப்பது? நம்மவன் சுட்டால் வீரம், எதிரி சுட்டால் கொலை என்று பேசுவது கட்சி கட்டுவதாகும், நியாயம் பேசுவதாகாது.

உலக நாடுகள் ஒரு தராசை ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1949-ம் வருட ஜெனீவா ஒப்பந்தங்களின் மூன்றாவது ஷரத்து உள்நாட்டு யுத்தத்துக்கும் பொருந்தும். ஆயுதம் ஏந்தாதவனை, ஆயுதத்தைக் கீழே போட்டவனை, காயம்பட்டவனைக் கொல்லாதே என்கிறது அது. சர்க்காரையும் அது கட்டுப்படுத்தும். சர்க்காரை எதிர்த்துப் போரிடுகிறவர்களையும் கட்டுப்படுத்தும்.

2009 முள்ளிவாய்க்காலை இதில் வைத்துப் பாருங்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை தந்தது. சர்க்கார் தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்தின் மீதும் ஆஸ்பத்திரிகள் மீதும் பீரங்கியால் சுட்டது. புலிகள் ஜனங்களைக் கேடயமாக நிறுத்தினார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள், சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள். இரு தரப்பின் மீதான குற்றச்சாட்டுகளும் நம்பத்தக்கவை என்றது குழு. 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்றும் சொன்னது.

"புலிகள் ஜனங்களைக் கேடயமாக்கினார்களே!" என்று வாதிக்கிறார்கள். உண்மை. ஆனால் ஒருவன் குற்றம் மற்றவன் குற்றத்தைக் கழுவாது. கேடயமாக நிறுத்தப்பட்ட தாய் யாருக்கு எதிரி?

நம் நாட்டையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது இந்தியப் படை. உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அப்படியே இருக்கட்டும். கட்டிலில் கிடந்தவன் என்ன செய்தான்?

தப்பி வந்தவர்களுக்கு நாம் செய்தது என்ன? சோறு போட்டோம், கூரை கொடுத்தோம், உரிமை கொடுக்கவில்லை. 1951-ம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. தயவு இன்று இருக்கும், நாளை போகும். உரிமை என்றால் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

எனவே, கொழும்பிடம் நீதி விசாரணை கேட்போம். அதே குரலில் டில்லியிடம் அகதிகளுக்கு ஒரு சட்டம் கேட்போம். ஒன்றைக் கேட்டு மற்றதை மறந்தால் நம் தராசும் கள்ளத் தராசுதான்!