காரைக்கால்: கரையைக் கடந்துபோன ஜனங்கள்

(காத்திவாக்கத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பிரெஞ்சுக்காரர் ஊர் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது புதுச்சேரிதான். அதற்குத் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், அரசலாறு கடலில் விழுகிற இடத்தில், இன்னொரு பிரெஞ்சு ஊர் உண்டு. அது காரைக்கால். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்கிற காத்திவாக்கத்தாருக்கு அந்த ஊரின் சாயல் புதிதாயிராது. ஆறு, கழிமுகம், மீனவர் குப்பங்கள், தூரத்தில் நிற்கிற கப்பல் எல்லாம் அங்கேயும் உண்டு. இன்று மாலை அந்த ஊரைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன விதமே விசித்திரமானது. தஞ்சாவூர் மராட்டிய அரசுரிமைப் போட்டியில் சாகுஜிக்கு உதவி தேவைப்பட்டது. புதுச்சேரி கவர்னர் டூமா உதவ முன்வந்தார். அதற்கு ஈடாகக் காரைக்காலைக் கேட்டார். 1738-ல் பேச்சு முடிந்தது. சிம்மாசனம் கைக்கு வந்ததும் சாகுஜி தயங்கினார். சந்தா சாகிப் படையனுப்பிப் பிடித்துக் கொடுத்த பிறகே 1739-ல் ஊர் கைமாறியது. ஊர் ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. அதன்பின் ஆங்கிலேயர் 1760-ல் பிடித்து, 1765-ல் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் பிடித்து, கடைசியாக 1817-ல்தான் பிரான்சிடம் நிலையாய் ஒப்படைத்தார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரிச் செய்திகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1709-ல் நம்முடைய பெரம்பூரில் பிறந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரியைப் போன்ற கட்டடங்களைத் தேடிப் போகிறவர்கள் காரைக்காலில் ஏமாந்துபோவார்கள். காவேரிக் கடைமடையின் நெல்லுக்காகவும், துணி வியாபாரத்துக்காகவும் வாங்கின ஊர் அது. அங்கே மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் அம்மையாரை நினைத்து மாம்பழம் வீசுகிறார்கள். மஸ்தான் சாகிப் தர்காவில் கந்தூரி நடக்கிறது. தூய தேற்றரவு அன்னை ஆலய மணியும் ஒலிக்கிறது. பிரெஞ்சு அடையாளம் பேச்சிலும் காகிதத்திலும் தங்கியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் படைவீரரைப் 'சொல்தா' என்பார்கள். நகரசபை மன்றத்துக்குப் பழைய ஆட்கள் 'மேரி' என்று பெயர் சொல்லுவார்கள். நம் சபையார் வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம்; மேயருடைய அலுவலகத்துக்குப் பிரெஞ்சில் அதுவே பெயர்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டில் நிறைவேறியது. அப்போது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் சந்ததியார் இன்றும் உண்டு. 2022-ல் பிரான்சின் ஜனாதிபதித் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி இருந்தது.

இவையெல்லாம் ஊரில் இருந்தவர்களின் கதை. எங்கள் மனதை அதிகமாய்த் தொடுவது புறப்பட்டுப் போனவர்களின் கதை.

1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் நம் ஜனங்களை மார்த்தினிக் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கியது. 1861-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டபின், புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாகவே ஆயின. தஞ்சாவூர்ச் சீமையின் ஏழைகளை மேஸ்திரிகள் ஆசை வார்த்தை சொல்லி அழைத்து வந்தார்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். முடிந்ததும் இலவசமாகத் திரும்பலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடற்பிரயாணம். 1880-களில் இந்த ஆள் ஏற்றுமதி நிற்பதற்குள் குவாதலூப் தீவுக்கு மட்டும் 40,000 பேருக்கு மேலும், மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேரும் இந்தியாவிலிருந்து போயிருந்தார்கள். ரீயூனியனுக்குப் போனவர்கள் தனி. திரும்பி வராதவர்களே அதிகம். தஞ்சைச் சீமையில் எத்தனை தாய்மார் வழி பார்த்து உட்கார்ந்திருந்தார்களோ, அதற்கு எந்த அலுவலகத்திலும் பேரேடு இல்லை.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 1881-ல் பிரான்ஸ் ஓர் ஆணை போட்டது. புதுச்சேரி, காரைக்கால் வாசிகள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டால் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அந்த ஆணை. ஒடுக்கப்பட்டவர் பலருக்கு அது ஒரு வாசலாயிருந்தது. ஆனால் குவாதலூப்பில் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கிடையாது என்றார்கள். அங்கே பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904-ல் வழக்காட ஆரம்பித்தார். 1923-ல்தான் நியாயம் கிடைத்தது. பத்தொன்பது வருஷம்! அவர் பெயரை அங்கே 'சிதாம்பரோம்' என்று எழுதுகிறார்கள்.

காரைக்காலுக்குத் தெற்கே அடுத்திருப்பது நாகூர். அங்கே அடங்கியிருக்கிற பெரியவரைக் கப்பலில் போகிறவர்களின் காவலர் என்று நம் கடற்கரை ஜனங்கள், மத வேறுபாடின்றி, நினைத்து வந்திருக்கிறார்கள். இன்று மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இந்திய வம்சத்தார் தமிழ் பேசுவதில்லை. ஆனால் மாரியம்மன் வழிபாட்டு இடங்களின் முற்றத்தில் கப்பல் பாய்மரம் போல உயரமான ஒரு கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். அந்தக் கொடிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'நாகூர் மீரா'.