அரசியல் விவாதத்தில் மரியாதையும் பரிவும்

அரசியல் விவாதத்தில் மரியாதை என்பது எதிராளியின் கொள்கையை ஏற்றுக்கொள்வதன்று. அவரைப் பேசி முடிக்க விடுவதும், அவர் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்வதும் ஆகும். பரிவு அதற்கும் ஒரு படி மேல். எதிராளியின் பிறப்பு, உடல், நோய், வீட்டுப் பெண்கள், இழவு ஆகியவற்றை வாதத்துக்குள் இழுக்காமல் இருப்பதே பரிவு. இவ்விரண்டும் தேய்ந்து வந்த வழியைத் தமிழக அரசியலில் தெளிவாகக் காணலாம்.

கடுமை புதிதன்று

முந்தைய தலைமுறையினர் மென்மையாகவே மோதிக்கொண்டனர் என்பது சரியன்று. 1938-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜியின் ஆட்சி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தவர்களில் முன்னின்றவர் பெரியார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். அதே 1953-இல் திமுக நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை, நேரு சொன்ன ‘நான்சென்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரானது.

ஆயினும் பகை ஆளோடு ஒட்டிக்கொள்ளவில்லை. 1967 தேர்தலில் பெரியார் காமராசரை ஆதரித்தார், திமுகவை எதிர்த்தார். வென்ற திமுகவை வழிநடத்திய அண்ணா, பதவியேற்பதற்கு முன்பே திருச்சிக்குச் சென்று, 1949-இல் தாம் பிரிந்து வந்த பெரியாரைச் சந்தித்தார். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். பல பத்தாண்டுகள் ஒருவரையொருவர் எதிர்த்தவர்கள், அதைவிட நீண்ட காலம் ஒருவரையொருவர் அறிந்தும் இருந்தனர்.

இரண்டு மரணங்கள்

1975 அக்டோபர் 2-இல் காமராசர் மறைந்தபோது முதலமைச்சராக இருந்தவர், அவரைத் தேர்தல் களத்தில் எதிர்த்து வந்த கருணாநிதி. கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகே அரசு மரியாதையுடன் காமராசரின் உடல் எரியூட்டப்பட்டது. அங்கேயே நினைவிடமும் எழுந்தது.

2018 ஆகஸ்ட் 7-இல் கருணாநிதி மறைந்தார். மெரினாவில் அண்ணாவின் நினைவிடத்தருகே இடம் கேட்கப்பட்டது. மெரினா நினைவிடங்கள் தொடர்பாக நிலுவையில் இருந்த வழக்குகளைக் காட்டி மறுத்த அன்றைய அதிமுக அரசு, கிண்டியில் 2 ஏக்கர் தர முன்வந்தது. இரவோடு இரவாக வழக்கு விசாரிக்கப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே மெரினா உறுதியாயிற்று. சட்டக் காரணங்கள் எவையாயினும், இழவு வீட்டில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டியது நீதிமன்றப் படியேறியது.

இடையில் விழுந்த விரிசலின் அடையாளம் 1989 மார்ச் 25. நிதிநிலை அறிக்கையை முதலமைச்சர் கருணாநிதி படிக்கத் தொடங்கியபோது சட்டமன்றத்தில் கைகலப்பு மூண்டது. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா, தாம் தாக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார். அன்று நடந்தது என்ன என்பதை இரு கட்சிகளும் இன்றுவரை இரண்டு விதமாகவே சொல்கின்றன.

காரணங்கள்

முதற்காரணம் தனிமனித வழிபாடு. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழிவகுக்கும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். தலைவரே கட்சி என்றானபின், கொள்கை மீதான விமர்சனமும் தலைவர் மீதான அவமதிப்பாகவே கொள்ளப்படுகிறது. பதிலும் அவ்வாறே வருகிறது.

இரண்டாவது, 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் வழி வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். ஆள்பிடிப்பதைத் தடுக்க வந்த அச்சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். எவ்வளவு நல்ல வாதமும் எதிர்வரிசையின் ஒரு வாக்கையும் மாற்றாது என்றால், பேச்சு எதிர்வரிசையை நோக்கி இருக்க வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

மூன்றாவது, ஊடகம். இரண்டு மணி நேரப் பொதுக்கூட்ட உரையில் ஒரு வசை வந்தாலும் வாதம் எஞ்சும். அந்த உரை அரை நிமிடக் காணொளியாக வெட்டப்படும்போது வசை மட்டுமே எஞ்சுகிறது.

விதிகளும் அவற்றின் எல்லையும்

அவைக்கு ஒவ்வாத சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கப் பேரவைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. நேரலையில் போய்ச் சேர்ந்த சொல்லை அது திரும்பப் பெறாது. 1960 கேரளத் தேர்தலில் வேர்கொண்ட தேர்தல் நடத்தை விதிகள், விமர்சனம் கொள்கை, செயல்திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும், தனிவாழ்வைத் தொடக்கூடாது என்கின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலில், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் தாயைக் குறித்த பேச்சுக்காகத் திமுகவின் ஆ. இராசா 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தேர்தல் ஆணையம் தடை விதித்தது. அதற்கு முன்பே அவர் வருத்தம் தெரிவித்திருந்தார். ஆனால் இவ்விதிகள் தேர்தல் காலத்தோடு முடிந்துவிடுகின்றன.

மற்ற நாள்களில் பேச்சாளரைக் கண்டிக்கக்கூடியவர்கள் இரு தரப்பினரே: அவரை மேடையேற்றும் கட்சித் தலைமை, கீழே அமர்ந்து கேட்கும் மக்கள். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா வகுத்த மூன்றில் நடுவில் நிற்பதைத் தலைமை தன் பேச்சாளர்களிடமே முதலில் கேட்க வேண்டும். வசைக்குக் கைதட்ட மறுப்பது மக்களின் பொறுப்பு.